எதிர்க் கடை

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் அனுப்பிய சோப்பு வந்து சேர்ந்தது.

சிறு வியாபாரிகளை இப்போது எல்லை வாசல் வழியாகவே விடுகிறார்கள். முன்போலக் கோரைக் காட்டுக்குள் ஒளிந்து வந்து, உங்களிடம் தக்காளிக் கூடையைத் தந்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. அதனால் நேற்று உங்களிடம் சொல்லாமல் கென்யா பக்கத்துச் சந்தைக்கே வந்தேன்.

அங்கே நீங்கள் நடத்தும் நம் கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழகிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"வாங்கக்கா, உகாண்டா தக்காளி. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் யாரோ ஒரு பொம்பளைகிட்ட வாங்கிட்டு வர்றாரு."

"அவர் எங்கம்மா?"

"நான் வச்ச மீன் குழம்ப மூக்கு முட்டத் தின்னுட்டுத் தூங்குறாரு!"

மீன் வாசனையே ஆகாதென்று, கல்யாணமான நாளிலிருந்து என் அடுப்பில் மீன் ஏற விடாதவர் நீங்கள். மற்றதையெல்லாம் விடுங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் யாரென்று சொல்லாமல், என் தக்காளியையே ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இனி எனக்காகக் கோரைக் காட்டில் காத்து நிற்காதீர்கள். உங்கள் கடைக்கு எதிர்க் கடையை எனக்கு வாடகைக்குப் பேசிவிட்டேன். திங்கள்கிழமை முதல் என் சரக்கை நானே விற்பேன். அதற்குள் நான் யாரென்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சந்தை முழுக்கக் கேட்கும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி