அந்தக் கல்லைப் பற்றி

போட்ஸ்காலா,
ஏப்ரல் 19

மதிப்புக்குரிய ஹன்னெக்கா அம்மையாருக்கு,

போட்ஸ்காலாவிலிருந்து மலை வழிகாட்டி யோஷ்கோ ரவ்னிக் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உங்கள் வீட்டில் யாரும் நலமாக இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதால் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. பதில் எழுதுவதற்கு முன் நான் சில இடங்களுக்குப் போய்ச் சில பேரிடம் பேச வேண்டியிருந்தது. பின்னால் மனம் மாறி இதைக் கிழித்துப் போட வழியே இருக்கக் கூடாது என்பதற்காக, அதையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் தாயாரின் அறுவைச் சிகிச்சையால் நீங்கள் வர முடியாமல், உங்கள் கணவர் கெர்பனும் மகள் ஃபெம்காவும் மட்டும் இங்கே கழித்த அந்த ஆறு நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நினைவில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு எழுதப்போவதைப் படித்தபின் என்னிடமிருந்து எதையும் கேட்க உங்களுக்கு விருப்பம் இருக்காது.

வந்த அன்று மழை. மறுநாள் ஏரிக்குப் போனார்கள். தண்ணீர் எங்களுக்கே கோடையிலும் பல்லைக் கிட்ட வைக்கும், ஃபெம்கா குதித்துவிட்டாள். கெர்பன் முழங்கால் வரை இறங்கி, "இதுக்கு மேல இந்த உடம்பு என்னோடது இல்ல" என்று திரும்பி வந்து படகில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் மேய்ச்சல் நிலத்துக்கு மேலே பாறைச் சரிவில் மலையாடுகளைக் காட்டினேன். பெரிய கொம்பன் ஒன்று எழுந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. "நம்மள மதிக்கவே இல்லை பாத்தியா?" என்று அவர் மகளிடம் சொல்லிச் சிரித்தார். என் மனைவி நேஜா பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி அவிக்கும் ஷ்ட்ருக்லியை அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். ஃபெம்கா நேஜாவுக்கு ஒரு சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தாள். தினமும் ஏதாவது ஒரு விஷயத்துக்கு உங்கள் பெயர் வரும். அம்மா இருந்திருந்தால் இதற்குத் திட்டியிருப்பாள், அதற்குச் சிரித்திருப்பாள் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் சிகரத்துக்குப் போனோம். அது கடினமான ஏற்றம் இல்லை. இருவரும் நன்றாக நடந்தார்கள். உச்சியில் இரும்புப் பெட்டியில் இருக்கும் முத்திரையை ஃபெம்கா தன் நோட்டில் இரண்டு தடவை குத்தினாள், ஒன்று உங்களுக்காம். முதல் முறை ஏறுகிறவர்களின் முதுகில் கயிற்றால் மூன்று தட்டு தட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவுக்கு மகள் தட்டினாள். மூன்றோடு நிறுத்தவில்லை.

இனி அந்தக் கல்.

இறங்கும்போது ஒரு குறுகலான ஓடையைக் கடக்க வேண்டும். தண்ணீர் கிடையாது, உதிர்ந்த கற்கள்தான். கெர்பன் முதலில் இறங்கினார், அவருக்கு மேலே பத்து அடியில் ஃபெம்கா, எல்லோருக்கும் மேலே நான். அவர்கள் ஓடையைத் தாண்டி ஓரமாக ஒதுங்கி நிற்கும் வரை, பிடித்து இறங்கக் கட்டியிருந்த கயிற்றை நான் இழுத்துச் சுருட்டத் தொடங்கியிருக்கக் கூடாது. இருபத்தேழு வருடமாக அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது, சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தேன். கயிறு ஒரு பாறை முனையில் சிக்கியது. உதறினேன். வரவில்லை. இரண்டாவது முறை பலமாக உதறினேன்.

கயிறு இழுத்த இழுப்பில் ஒரு முழு ரொட்டி அளவு கல் ஒன்று புரண்டு கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். அது ஃபெம்காவின் வலப்பக்கமாக, அவள் மேல் படாமல் போனது. "கல்லு! கல்லு!" என்று கத்தினேன். கெர்பன் குனிவதற்குப் பதிலாக மகள் என்ன ஆனாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் பட்டது. ஹெல்மெட் இருந்தும் பயன் இல்லை. நான் கீழே போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை. அவர் வேதனைப்படவில்லை என்று நான் அப்போது சொன்னது உண்மை. அதை மட்டும் நீங்கள் தொடர்ந்து நம்பலாம்.

அதே நொடியில் ஃபெம்காவின் காலடியிலும் சில பொடிக் கற்கள் சரிந்தன. கோலிக்குண்டு அளவு இருக்கும். நான் கத்திய சத்தத்தில் அவள் துள்ளியதால் சரிந்தவை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: தன் காலடியில் கல் சரிந்தது, கீழே அப்பா விழுந்தார்.

ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "யோஷ்கோ, என் காலு பட்டுதானே அது விழுந்துச்சு? உண்மையச் சொல்லுங்க." நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பையில் எதையோ தேடினேன். "இல்லம்மா. மலையில கல்லு தானா விழும்" என்றேன். காவல் அதிகாரி வந்து எழுதிக்கொண்டபோதும் அதையே சொன்னேன். கல் இயற்கையாக விழுந்தது என்று அறிக்கை முடிந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம், அம்மையாரே. வழிகாட்டி பேட்ஜ் போய்விடும், ஊர் என்ன சொல்லும் என்ற பயம். சொன்னால் மட்டும் அவர் திரும்பி வந்துவிடுவாரா என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். பனிக்காலத்தில் சறுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களைச் சரிவுகளுக்குக் கூட்டிப்போனேன், சாப்பிட்டேன், தூங்கக்கூடச் செய்தேன்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. ஃபெம்கா கல்லூரியை விட்டுவிட்டாள், மாடிப்படி இறங்கும்போது கீழே யாராவது இருந்தால் நின்றுவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் உங்களிடம் சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தீர்கள்: "அந்த ஆள் எனக்காகப் பொய் சொன்னாரும்மா. அவர் நல்லவர்." அந்த நல்ல மனிதருக்கு நன்றி என்று நீங்கள் முடித்திருந்தீர்கள்.

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்காகச் சொன்னேன் என்பதுதான் தெரியவில்லை. என் தப்பை மறைக்கச் சொன்னதை, அவள் தன் தப்பை நான் மறைத்ததாக எடுத்துக்கொண்டாள்.

நேஜா விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன், பிறகு நடந்ததைச் சொன்னேன். "எட்டு மாசமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இத வச்சிருந்தியா?" என்றாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பிறகு, "பத்தொன்பது வயசுப் புள்ள சுமக்குது. நீ அம்பத்தி நாலு வயசு ஆம்பள. போ, போய் எறக்கி வாங்கிக்க" என்றாள்.

எங்கள் மீட்புக் குழுவின் தலைவன் தீனே என் பள்ளித் தோழன். முதலில் அவனிடம் போனேன். கெர்பனை ஓடையிலிருந்து தூக்கியவர்களில் அவனும் ஒருவன். "உனக்கு என்ன பைத்தியமா? பேப்பரெல்லாம் மூடியாச்சு. யாரு கேட்டா இப்ப?" என்றான். அந்தப் பெண் கேட்டாள் என்றேன். அவன் வண்டிச் சாவியை எடுத்தான். "வா, நானே கொண்டுபோய் விடறேன். பஸ்ல போனா நடுவழியில எறங்கிடுவ" என்றான். காவல் நிலையத்து வாசலில் நான் வெளியே வரும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவனும் அந்த அறிக்கையை நம்பிக் கையெழுத்துப் போட்டவன்.

வழக்கை மறுபடி திறக்கிறார்கள். என் வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், முத்திரையோடு. உங்களுக்கும் அழைப்பு வரும். யார் எப்படிக் கேட்டாலும் இங்கே எழுதியிருப்பதைத்தான் சொல்வேன். பேட்ஜை வழிகாட்டிகள் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். இதை உங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. இனி என் பின்னால் யாரும் மலை ஏற மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். நேஜா படித்துவிட்டு, "இத எடுத்துடு. உன்ன மன்னிக்கிற வேலையும் அவங்க கையில குடுக்காத" என்றாள். எடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஹன்னெக்கா அம்மையாரே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்கு வரும் கோபம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். வக்கீலிடம் போக வேண்டும், உறவினர்களிடம் பேச வேண்டும், இதை ஃபெம்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும் என்று தோன்றும். யோசிக்காதீர்கள். அவள் இப்போது எந்த அறையில் இருந்தாலும் கதவைத் தட்டுங்கள். அவள் கால் படவில்லை என்று சொல்லுங்கள். நம்பவில்லை என்றால் வாக்குமூலத்தைக் கையில் கொடுங்கள். அதற்கும் நம்பவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த ரயிலில் வருகிறேன். உள்ளே விட வேண்டாம், வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

என்னை வெறுப்பதற்கு நாளை முழுவதும் இருக்கிறது. அவளிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் நிம்மதியாக உறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

யோஷ்கோ ரவ்னிக்