ஸம்றாவின் கையில் மருதோன்றி

அன்பு மகள் அஸ்பியாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் காலிதீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மாமி மகள் றிப்தியின் கலியாண வீட்டில் நடந்ததை மாமி பாத்தும்மா உனக்குச் சொல்லிவிட்டாவாம், பாதிதான் சொல்லியிருப்பா. கலியாணத்துக்கு முதல்நாள் பிள்ளைகளுக்கு மருதோன்றி வைக்கும்போது உன் மகள் ஸம்றா சட்டைக் கையை விரல்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்து மாமி பிடித்து முழங்கை வரை மடித்துவிட்டா, பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகளை எல்லாரும் கண்டார்கள். மாமி என்னடி புள்ள இது என்றா. நான் பக்கத்தில் போய், அது ஆறின காயம் மதினி, புள்ள கிளினிக்குப் போய் மருந்தெடுக்கிறா, நீங்க சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறல்லியா, அதையும் ஒளிச்சுத்தான் போடுறியளா என்று கேட்டேன். றிப்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸம்றா ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன், ஓடவில்லை, கையை நீட்டினாள்.

கலியாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பின்னேரம்தான் எனக்குப் பயம். அசர் தொழுதுவிட்டு இருக்கிறேன், அவளாகவே வந்து, உம்மம்மா பழைய நினைப்பு வருது, எனக்குப் பக்கத்துல இரிங்க என்றாள். முன்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை, மகளே. ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை, கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் கதைத்து முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் கையில் ஒரு கீறலும் விழவில்லை.

அதனால், நீ வொய்ஸ் அனுப்பினாயே, கிளினிக்கை நிறுத்துங்க, வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வராது, ஓதிப்பார்க்கிறவரிடம் கூட்டிப்போங்க என்று, அதை நான் கேட்கப் போவதில்லை. யாஸீன் நானே ஓதி ஊதுகிறேன், குளிசையும் கொடுக்கிறேன், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. இடையில் சறுக்கலாம் என்று டொக்டர் சொல்லித்தான் இருக்கிறார், சறுக்கினாலும் பிள்ளை கூப்பிடப் பழகிவிட்டாள், நான் பயப்படவில்லை.

மாமியோடு கோபிக்காதே, பிறகு வட்டிலப்பம் கொண்டுவந்து ஸம்றாவுக்குத் தன் கையாலே ஊட்டிவிட்டுத்தான் போனா. நேரத்துக்குச் சாப்பிடு மகளே. உன் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும், உன் பிள்ளையை உன் கண்ணுக்குக் குளிர்ச்சியாக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை வீடியோவில் வரும்போது கையைக் காட்டு என்று அவளிடம் கேட்காதே. மருதோன்றி நல்லாச் சிவந்ததா என்று கேள், அவளே காட்டுவாள்.

உன் உம்மா,
சுலைஹா,
மருதமுனை.