படத்தின் பின்பக்கத்து எழுத்து

போன வாரம் ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க சுங்கைப்பட்டாணியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவளோடு படம் கழுவும் மருந்தின் நெடியும் வந்தது. முப்பது வருடமாகியும் மூக்கு அதை மறக்கவில்லை. "தலைய கொஞ்சம் தூக்குங்க அங்கிள்" என்று அவள் மூன்று முறை சொன்னாள். எடுத்த படத்தில் பிடிபட்ட திருடன் மாதிரி இருக்கிறேன். இருக்கட்டும், அதுதானே நிஜம்.

உன் மருந்தறையில் அடித்த நெடி அது. நீ ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. புண்ணுக்குக் கட்டுப் போடும் மேசைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, அங்கேயே படம் கழுவுவாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூடா ஆற்றங்கரைக்குப் போவோம். பாலத்தில் ரயில் வண்டி ஏறும்போது பெட்டிக் கேமராவை நெஞ்சோடு அணைத்து மூச்சை அடக்கி நிற்பாய். பெண் பார்க்கக் கிளம்பிய அன்றுகூட, பத்தேகால் வண்டி போகட்டும் என்று வீட்டாரைக் காக்க வைத்த ஆள் நீ. அந்தச் சம்பந்தம் ஏன் கூடவில்லை என்று உன் அம்மா கடைசிவரை புரியாமலே இருந்தார்.

படத்தைவிட அதன் பின்பக்கம்தான் உனக்கு முக்கியம். எஞ்சின் நம்பர், தேதி, நேரம், எந்தத் திசை, எத்தனை பெட்டி. எல்லாம் மையில், உருண்டை உருண்டையாக. தோட்டத்தில் யாருக்காவது மருந்துச் சீட்டு வந்தால் அதே கையெழுத்துதான்.

ஜப்பான்காரன் வந்ததும் ரேடியோ, கேமரா எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னான். நீ பஞ்சுப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டாய். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னபோதும், படத்துக்குப் பின்னால் பழைய நேரத்தையே எழுதினாய். எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சண்டை போட்டேன்.

"போற வண்டிய எல்லாரும் பாக்குறாங்கடா. திரும்பி வந்துச்சா, அதுல ஆளு இருந்துச்சான்னு எவன் பாக்குறான்?" என்றாய்.

அப்போது சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரங்கான் பக்கமிருந்தும் கோலா கெத்தில் பக்கமிருந்தும் லோரி லோரியாக ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்றார்கள். நம் தோட்டத்திலும் இருபது பேருக்கு மேல் போனார்கள். அவர்கள் ஏறிய சரக்கு வண்டி பாலத்தைக் கடந்தபோது புதருக்குள் படுத்துக்கொண்டு நீ ஒரு படம் எடுத்தாய். பிறகு தெற்கே திரும்பிய வண்டிகளையும் எடுத்தாய். அவற்றின் பின்னால் "காலி" என்று மட்டும் எழுதியிருப்பாய். படங்களை ஆபீசில் பழைய செக்ரோல் வருகைப் பதிவுக் கட்டுக்குள் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய்.

அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். நாலாம் லயத்து வரிசை வீடு, பால் வெட்டுக்காரி. புருஷன் வண்டி ஏறும்போது அவள் ஆறு மாதக் கர்ப்பம். நீ எடுத்த அந்தப் படத்தில் பெட்டிக் கதவோரம் தலையில் துண்டு கட்டி நின்றவன் அவன்தான். ஒரு நாள் வாய் தவறி அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆபீஸ் வாசலை விட்டு அவள் நகரவில்லை.

"புள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரியணும்ங்க கிராணியாரே. ஒரே ஒரு படம்."

உன்னிடம் கேட்காமல் கொடுத்தேன். எழுத்து வெளியே தெரியாமல் சுவரில் ஒட்டிவிடு என்றேன். சரி என்றாள். ஆனால் ஒட்டினால் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் புருஷன் பேருக்கு அர்ச்சனை செய்யப் போனவள், தேங்காய் பழத்தோடு அந்தப் படத்தையும் தட்டில் வைத்துவிட்டாள். ஆத்தா யாரைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்று ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாமா? தங்கள் வீட்டு ஆளும் இருக்கிறானா என்று பார்க்கக் கூட்டமே கூடியது. படம் கைக்குக் கை போனது. மூன்றாம் நாள் ஜப்பான்காரன் வந்தான்.

ஆபீஸ் தரையில் அவளை மண்டியிட வைத்தார்கள். "ஆத்தோரமா கெடந்திச்சுங்க, எடுத்தேன்" என்றாள். அறைந்தார்கள். திரும்பவும் அதையே சொன்னாள். வாயெல்லாம் ரத்தம். மலாய் தெரிந்த ஓர் அதிகாரி என் மேசைக்கு வந்து, படத்தைத் திருப்பி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சியாப்பா துலிஸ்?"

யார் எழுதியது என்று கேட்டான். அவ்வளவுதான். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. துப்பாக்கியைக் காட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் உன் பெயரைச் சொன்னேன்.

நீ ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாயாம். முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டாயாம். விடவில்லை. லோரியில் ஏற்றும்போது ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். உன்னை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

படம் அஞ்சலையிடம் இருந்தது, அதனால் அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று தோட்டமே பேசியது. தண்ணீர்க் குழாயில் அவள் வாளியைத் தள்ளிவிட்டார்கள். உன் அம்மா அவள் மேல் மண்ணை வாரித் தூற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே ஒரு தடவை அவள் என்னிடம் வந்தாள்.

"நான் சொல்லலைங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. சண்டை முடிந்தும் புருஷன் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலிங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே செத்துப்போனாள். கேள்விப்பட்டும் நான் போகவில்லை.

ஸ்டூடியோவிலிருந்து நேரே உன் தங்கை வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.  அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"அந்தப் பொம்பள உசுரோட இருக்கறப்ப ஏன்ணே வரல?"

உன்னிடமாவது பதில் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு நான் செய்தது பயத்தில் ஒரு நிமிஷம் செய்தது. அவளுக்குச் செய்ததை முப்பது வருடம், தினமும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து செய்தேன்.