மேலே நின்றவன்

திரேஸ்புரம்,
12.6.2024

தம்பி ஜாய்சனுக்கு,

உன் அத்தான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மாதா கிருபையில் கண் திறந்துவிட்டார், பேச்சுத்தான் குழறுகிறது. போனில் உன் குரலைக் கேட்டால் ஏசிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கப்பலிலிருந்து இறங்கி வந்த முத்துமணி சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரன் ரோச் ஹோல்டுக்குள்ள மயங்கிக் கெடக்கான், ஒங்க தம்பி மேல நின்னு பாத்துக்கிட்டு நிக்கான்."

உன்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். ஏம்ல எறங்கல?

பிளாரன்ஸ்

கொச்சி,
20.6.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

ஏசினாலும் எழுதினாயே, அது போதும். அத்தான் கண் திறந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நின்றது உண்மைதான். மரத்தடிகளை ஏற்றி மூடிக் கிடந்த ஹோல்டு அது, கப்பலின் அடியில் இருக்கிற சரக்கறை. உள்ளே இருக்கிற ஆக்சிஜனை மரமே தின்றுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இறங்கினவன் மூச்சில்லாமல் விழுவான். போன வருடம் பயிற்சி மையத்தில் பேச்சிச்செல்வி மேடம் எனக்கு நிஜம்போலவே காட்டுகிற வி.ஆர். கண்ணாடி மாட்டிவிட்டார். திரும்புகிற பக்கமெல்லாம் ஹோல்டு. கீழே ஒருவன் கிடக்கிறான். பாய்ந்து இறங்கினேன். எல்லாம் கறுத்துப்போனது. "இப்ப ரெண்டு பொணம், ஜாய்சன்" என்றார். மறுமுறையும் இறங்கினேன். அதற்குப் பிறகுதான் கால் நின்றது.

அன்றைக்கு அத்தான் விழுந்ததும் கத்தி ஆள் கூப்பிட்டேன். சிலிண்டரும் முகமூடியும் வருகிறவரை ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்ததும் மாட்டிக்கொண்டு இறங்கியவன் நான்தான் அக்கா. கயிறு கட்டித் தூக்கினோம். அதை முத்துமணி சொல்லவில்லையா?

தம்பி
ஜாய்சன்

திரேஸ்புரம்,
3.8.2024

என் அன்புத் தம்பிக்கு,

குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை பிடிக்கிற அளவுக்கு அத்தான் தேறிவிட்டார். உன் கடிதத்தை வாசித்தும் எனக்கு மனசு ஆறவில்லை, மறைப்பானேன்.

மறுபடி கப்பலேறும் முன் அவரையும் அந்தப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். நேற்று நானும் அவரோடு போனேன். "நானும் ஒருக்க பாக்கட்டுமா?" என்று மேடத்திடம் கேட்டேன். மாட்டிவிட்டார்.

கண்ணாடிக்குள் கீழே கிடந்தவனுக்கு முகம்கூடச் சரியாக இல்லை, ஜாய்சன். யாரோ எவனோ. ஆனாலும் இறங்கிவிட்டேன். கறுத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றினால், உன் அத்தான் சிரிக்கிறார்: "ஏளா, நீயும் செத்தியா?"

யாரென்றே தெரியாதவன் கிடந்தபோதே என்னால் இறங்காமல் நிற்க முடியவில்லை. கீழே அத்தான் கிடக்க, நீ நின்றிருக்கிறாய். என்ன பாடு பட்டிருப்பாய்! அந்த மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். உன் கையையும் பிடிக்க வேண்டும்.

கப்பல் வந்ததும் நேரே வீட்டுக்கு வா. சீலா மீன் வாங்கி வைப்பதாக அவர் சொல்கிறார். என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார். எனக்குத் தம்பியும் இருக்கிறான்.

உன் அக்கா
பிளாரன்ஸ்