மடியில் வந்த மரம்

இன்று காலை மருமகன் பின்வேலிக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினார். மெல்பேர்னுக்கு வெளியே கிரான்பர்னில், மகளின் வீட்டு யன்னலோரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மணம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனம்மா தனியச் சிரிக்கிறீங்கள்? ஆர் யூ ஓகே?" என்று மகள் ஓடிவந்தாள். "உங்கட அப்பாவை நினைச்சனான்" என்றேன். உடனே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் பேரெடுத்தாலே அவளுக்கு அப்படித்தான். நான் அழக்கூடிய எதையும் நினைக்கவில்லையப்பா. எங்கள் பழைய வீட்டுக் குசினி மேசையில் பேப்பரை விரித்து, நீங்களும் நானும் ஆளுக்கொரு தூரிகையோடு குனிந்திருந்த அந்தப் பொங்கல் கிழமையைத்தான் நினைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மெல்பேர்ன் தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டு அனுப்பிய காலம். நீங்கள் ஒரு கந்தோரில் கட்டடப் படம் வரைபவர், நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில். ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபத்து மலிவு விற்பனையில், மண்ணால் செய்த சூரிய முகம் ஒன்று கிடந்தது. உப்பிய கன்னம், முறுக்கிய மீசை. மெக்சிக்கோவிலிருந்து வந்தது என்றாள் விற்ற கிழவி. நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஞ்சரும், உவர் எங்கட ஊர்க் கோயில் தேரிலை இருந்து இறங்கி வந்தவரெல்லே" என்றீர்கள். அன்று பிடித்த பைத்தியம்தான்.

பிறகு சனிக்கிழமை என்றாலே பழைய சாமான் கடைகளில் மெக்சிக்கோப் பொருட்களைத் தேடுவதுதான். தகரத்தில் வெட்டிய இதயங்கள், மரத்தில் செதுக்கிய புலிமுகங்கள், கிற்றார் வாசிக்கும் எலும்புக்கூடுகள். இரண்டு பேரும் ஓம் என்றால்தான் எதுவும் வீட்டுக்குள் வரும் என்று ஒரு சட்டம் போட்டோம். எலும்புக்கூடுகளுக்கு நான் ஓம் சொல்ல நாலு மாதம் எடுத்தது. செத்தவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்துப் படைத்துக் காத்திருக்கிற சனம் மெக்சிக்கோக்காரர் என்று நீங்கள் நூலகப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினீர்கள். "அப்ப எங்கட சொந்தக்காரர்தான், வரட்டும்" என்றேன். எங்கள் சினேகிதர்களுக்கு அது விளங்கவில்லை. விருந்துக்கு வந்த ஒரு பிள்ளை, "அக்கா, உதுகள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது" என்று கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டது.

மற்றவர்கள் லீவுக்கு ஊருக்குப் போக, நாங்கள் ஒரு வருஷம் மெக்சிக்கோவுக்குப் போனோம். இரண்டு வீட்டாரும் எழுதிய கடிதங்களை இன்று வாசித்தாலும் காது சுடும். தலைநகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், குயவர்களின் ஊர் ஒன்று. ஒரு குயவரின் முற்றத்தில், வாழ்வின் மரம் என்று அவர்கள் சொல்லும் மண் சிற்பங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மண் கிளைகள், கிளை முழுக்கப் பறவையும் பூவும், நடுவில் பாம்பு, கீழே ஆதாமும் ஏவாளும், எல்லாம் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக. அரை நாள் நின்று ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். குயவருக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவருடையது தெரியாது. என்றாலும் நீங்களும் அவரும் நிலத்தில் குந்தியிருந்து, ஈரமண்ணில் விரலால் படம் கீறிக் கீறிக் கதைத்தீர்கள். புறப்படும்போது அவர் உங்களைக் கட்டிப்பிடித்தார்.

திரும்பும்போது, மரத்தைப் பேப்பர் சுற்றி வைத்த பெட்டியை நீங்கள் மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை. விமானப் பணிப்பெண் மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் மாட்டேனென்று தலையை ஆட்டினீர்கள். சாப்பாட்டுத் தட்டைப் பெட்டிக்கு மேல் வைத்துச் சாப்பிட்டு, அதன் மேலேயே தலை வைத்து நித்திரை கொண்டு, மெல்பேர்னில் இறங்கியபோது கால் மரத்துப்போய் நொண்டினீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எவரும் குயவர் கதையைக் கேட்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு முதல்நாள்தான் நான் அந்த வேலையைப் பார்த்தேன். பொங்கலுக்கு வீடு கழுவாமல் விட என்னால் முடியுமா? வெளியே நெருப்பாய் எறித்த வெயில். லீவு எடுத்துக்கொண்டு, குத்துவிளக்கைப் புளிபோட்டு மினுக்கினேன், யன்னல்களைக் கழுவினேன். அந்த உற்சாகத்தில் மண் சூரியனையும் குழாயடியில் பிடித்தேன். அவர் குளித்தெழுந்து பளபளத்தார். அது தந்த துணிவில் மரத்தைத் தூக்கிக் குளியல் தொட்டிக்குள் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அடுப்பில் கிடந்த பருப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீர் ஊதா நிறம். சூரியனுக்குக் கண்ணாடி போலச் சுட்ட பூச்சு, மரத்துக்கோ சும்மா மேலால் தடவிய சாயம். பறவை, பாம்பு, ஆதாம், ஏவாள் எல்லாரும் செங்கட்டி நிறத்தில் மொட்டையாக என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் வர இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. விழுந்து உடைந்ததாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு சுத்தியலைக்கூட எடுத்துப் பார்த்தேன், வெட்கமில்லாமல் இப்போது சொல்கிறேன். உங்கள் ஏச்சுக்கு நான் பயப்படவில்லை, உங்களுக்கு ஏசவும் தெரியாது. அந்த மரத்தைக் காட்டிக் கதை சொல்லும்போது உங்கள் முகத்தில் வருகிற வெளிச்சம் இனி வராமல் போய்விடுமே என்றுதான் பயம். சுத்தியலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. முதல் நான் சொல்லி முடிக்கிறன். மரத்தைக் கழுவிப்போட்டன்."

"எந்த மரத்தை?"

"எங்கட மரத்தை. சாயம் முழுக்கப் போயிட்டுது."

நீங்கள் வாசற்படியிலேயே குந்திவிட்டீர்கள். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுழற்றினீர்கள். பிறகு, "அது எங்கட மரமில்லையப்பா" என்றீர்கள்.

மெக்சிக்கோவில் கடைசி நாள் நான் முத்திரை வாங்கப் போன நேரம், ஹோட்டல் அறையில் உங்கள் கையால் விழுந்து அது தூள்தூளாகிவிட்டதாம். ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருக் கடையில் அதே அளவில் வேறொன்றை வாங்கி, நான் வருவதற்குள் பேப்பர் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டீர்களாம்.

"அப்ப சனத்துக்கெல்லாம் சொன்ன குயவரின்ர கதை?"

"கதை உண்மை. மரம்தான் வேறை."

நான் இடுப்பில் கை வைத்து, என் ஓம் இல்லாமல் வீட்டுக்குள் ஒரு பொருள் எப்படி வந்தது என்று கேட்டேன். நீங்கள் தலை குனிந்தீர்கள். தண்டனையாக ஒரு கிழமைக்குக் காலைத் தேத்தண்ணி உங்கள் பொறுப்பு என்று தீர்த்தேன். "ஆய்வுகூடத்திலை வேலை செய்யிற ஆளுக்குச் சாயம் கரையுமெண்டு தெரியாதோ?" என்று முணுமுணுத்தபடிதான் போட்டுத் தந்தீர்கள்.

மறுநாள், பொங்கி முடித்த கையோடு, சின்னச் சின்னத் தகரங்களில் பெயின்ற் வாங்கி வந்தீர்கள். எந்தப் பறவை எந்த நிறம் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. சண்டை பிடித்துப் பிடித்து அடித்தோம். ஒன்று செண்பகமானது, ஒன்று மைனாவானது. பாம்புக்கு நீங்கள் நாகபடம் போட்டீர்கள். பிறகு எவராவது எங்கே செய்தது என்று கேட்டால், "பாதி அங்கை, பாதி எங்கட குசினியிலை" என்பீர்கள். உங்கள் முகத்து வெளிச்சம் எங்கும் போகவில்லை. குயவரின் கதைக்குப் பின்னால் என் குளியல் தொட்டிக் கதையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இனி, நான் உங்களுக்குச் சொல்லாதது. அன்று வாசலில் எனக்கு வந்த கோபம் நடிப்பு. மெக்சிக்கோவிலிருந்து வந்து நீங்கள் பேப்பரைப் பிரித்தபோதே அது வேறு மரமென்று எனக்குத் தெரியும். குயவர் முற்றத்தில் நான் ஓம் சொன்ன மரத்தில் ஏவாளுக்கு இடதுகண் ஒரு நெல்லளவு மேலே ஏறியிருந்தது. அசல் என் சின்னம்மாவின் பார்வை, அதற்காகத்தான் அதைத் தெரிந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்த ஏவாளுக்கு இரண்டு கண்ணும் நேர். கேட்க வாயெடுத்தேன். நீங்கள் மரத்தைப் பார்க்கவில்லை, நொண்டிக்காலோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மனம் நோகக்கூடாதென்று இத்தனை கடல் தாண்டி ஒரு பொய்யைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த மனிதரிடம் என்னத்தைக் கேட்பது? "நல்ல வடிவு" என்றேன்.

பெயின்ற் அடித்த அன்று ஏவாளை எனக்கென்று கேட்டு வாங்கி, இடதுகண்ணை ஒரு நெல்லளவு மேலே வைத்தேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா, உமக்குக் கை தவறிப்போச்சு" என்றீர்கள். "ஓம், தவறிப்போச்சு" என்றேன்.

உங்கள் பொய்யை நீங்கள் வாசற்படியிலேயே இறக்கி வைத்துவிட்டீர்கள். என்னுடையதை நீங்கள் போகும்வரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாய்ச் சிரித்திருப்பீர்கள் என்பது மட்டும்தான் இப்போது மனவருத்தம். என் கை தவறவில்லையப்பா.