மடிப்பில் தைத்த கற்கள்

நெடுங்காடு,
9-6-2024, இரவு

அன்புள்ள அன்னபூரணி அத்தைக்கு,

உமா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அஷ்வின் அண்ணன் எல்லோரும் நலம். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எல்லோரும் தூங்கியபிறகு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பதிலை என் தோழி ராசாத்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். கீழே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பிரெஞ்சுப் படத்தை டிவியில் பார்த்தோம். உங்கள் லோரான்ஸுக்கு உயிரான படம் என்றீர்களே. கடல் வானத்தில் தலைகீழாகத் தொங்குகிறது, மீனவர்கள் கூரைமேல் நின்று மேலே வலை வீசுகிறார்கள். வீடுகள் கால் முளைத்து நடக்கின்றன. "நம்ம வீடு நடந்தா நேரா பிரியாணிக் கடைக்குத்தான் போவும்" என்றான் அண்ணன். அம்மா, "என்னடா கண்றாவி இது" என்றாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஒழுங்கா பாத்து வச்சுக்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீ சொல்லணும்ல."

மகளைப் பறிகொடுத்த தையல்காரி, ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றி வெட்டி ஒரு மகளைத் தைக்கிறாளே, அங்கே நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். காற்றில் பறந்துவிடாமல் இருக்க அவள் பாவாடை மடிப்பில் கற்களை வைத்துத் தைக்கிறாள். திரைச்சீலை போன அந்த ஜன்னலைப் படத்தில் அதன்பிறகு காட்டவே இல்லை.

அத்தை, விடுமுறைக்கு வந்த லோரான்ஸ் உங்கள் சுரக்குடி வீட்டில் காய்ச்சலில் இறந்தபோது நான் அவள் தலைமாட்டில் இருந்தேன். ஊரிலேயே எரித்துவிட்டோம். நகராட்சி மேரியில் போய் இறப்பைப் பதியவில்லை. இப்போது அவள் பேரில், அவள் பாஸ்போர்ட்டில் நான் பிரான்சுக்கு வந்து உங்கள் மகளாக இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்.

உங்கள்,
உமாமகேஸ்வரி


பாரிஸ்,
25-6-2024

என் கண்ணு உமாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். கல் தைக்கும் இடத்தில் லோரான்ஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள். நீ ஏனம்மா பயப்படுகிறாய்? தாய்க்குப் பறிகொடுத்த பயம் இருக்காதா?

அவள் போனதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நிஜமாகிவிட்டது. அவள் கட்டிலுக்குப் புதுப் போர்வை வாங்கியிருக்கிறேன்.

அங்கே உனக்கு என்ன இருக்கிறது? வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சோறு. பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு ஊரே ஆலாய்ப் பறக்கிறது, உனக்குத் தானாக வருகிறது. படத்தை மறுபடி பார். சிரிப்பு வரும்.

அத்தை


நெடுங்காடு,
10-7-2024, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே என்னைப் பழக்க ஆரம்பித்துவிட்டார்கள். லோரான்ஸுக்கு என் அப்பா மாமா முறை, அம்மா அத்தை முறை. நேற்றுச் சாப்பிடும்போது, "அம்மா, ரசம்" என்றேன். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தைன்னு கேளு, ஊத்துவா." கேட்டேன். ஊற்றினாள்.

"அப்ப இவ எனக்கு முறைப்பொண்ணு! ஏய், மாமான்னு கூப்பிடு" என்றான் அண்ணன். "வாயிலயே போடுவேன்" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்துபோனான். கொல்லையில் கை கழுவியவன் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "நான் என்னடி பண்றது, உங்கப்பா முடிவு பண்ணிட்டாங்க" என்றாள்.

அத்தை, அவளை நினைத்து உங்களோடு உட்கார்ந்து அழச் சொன்னால் அழுவேன். அவளாக இருக்க என்னால் முடியாது. லோரான்ஸ் இறந்துவிட்டாள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதை அப்பாவிடம் காட்டுகிறேன்.

உமா


பாரிஸ்,
24-7-2024

அன்பு மகள் லோரான்ஸுக்கு,

உன் கடிதத்தை உன் நெடுங்காட்டு மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. ராசாத்தி வீட்டு விலாசம் இனி வேண்டாம் என்றார். இதை அவருக்கே அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அப்பா வந்து உன்னை அழைத்துவருவார். டிக்கெட் போட்டாயிற்று. இங்கே வந்தபிறகு நெடுங்காட்டுக்கு அடிக்கடி பேச வேண்டியதில்லை. மாமா வீட்டாரோடு அவ்வளவு பேச என்ன இருக்கிறது?

அம்மா


நெடுங்காடு,
6-8-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

லோரான்ஸ் எழுதுவது. இதைப் பகலில்தான் எழுதுகிறேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தோம். கல் தைக்கும் இடத்தில் சிரித்தேன். "இன்னுங் கொஞ்சம் சத்தமா" என்றார் மாமா. அடுத்த தடவை நன்றாக வந்தது. அத்தை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

இன்று காலை பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். மாமா போனை என் கையில் கொடுத்தார்.

"உமா ஏம்மா ஸ்கூலுக்கு வரல?"

"அவ ஊர்ல இல்ல டீச்சர்."

"எப்ப வருவா?"

"தெரியல டீச்சர்."

"நீ யாரும்மா பேசறது?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அத்தை பொண்ணு" என்றேன். டீச்சர் சரியென்று வைத்துவிட்டார்.

உங்கள் மகள்,
லோரான்ஸ்