காகிதப்பூவை வெட்டினேன்

14 ஜூன் 1968, வெள்ளி

நாற்பத்தெட்டு வயதில் இன்று காலை கக்கூஸில் தாழ்போட்டு ஒளிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு நெசவாளி முனுசாமி தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு நூலைத் தெருவில் விரித்திருந்தார். காற்றில் எங்கள் காகிதப்பூக் கிளை அதன்மேல் சரிந்தது. முள் குத்தி இழைகள் அறுந்தன. கிளையைக் கழிக்கச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுவந்தார். போகிறவர்கள் எல்லாம் செடியைப் புகழ்ந்ததில் எனக்குத் தலைக்கனம்; கத்தரியைத் தொடவே இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வருவதைப் பார்த்துத்தான் ஒளிந்தேன். வந்து கக்கூஸ் கதவைத் தட்டினார். "வெளிய வாப்பா, உன்னாண்ட பேசணும்."

அவரைப் பேச விடாமல் ஓடிப்போய் அரிவாளால் செடியை அடியோடு சாய்த்தேன்.

வாசல் மொட்டையாகிவிட்டது.

பிறகுதான் முனுசாமி சொன்னார்: "மூணு இழைதான்பா அறுந்துச்சி. அப்பவே முடிபோட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்ட்டேன்."